பெருந்துறைல இருந்து மான்செஸ்டர் போற தம்பிக்கு: ஊட்ல பீர் காய்ச்சுறது எப்படி ஆரம்பிக்கறது

தம்பி கேட்டிருக்கறது இதுதான். ஊரு பெருந்துறை, செப்டம்பர்ல மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போறாரு, அங்கெல்லாம் ஊட்லயே பீர் காய்ச்சிக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்காரு, என்ன சாமான் வாங்கோணும், கிட் வாங்கறதா தனித்தனியா வாங்கறதா, போறதுக்கு முன்னாடி இங்கயே தோட்டத்து ஊட்ல ஒருக்கா செஞ்சு பழகிட்டு போலாமா. எனக்கு தொழில் சாயப்பட்டறை கெமிக்கல், நடுவுல கொஞ்ச வருசம் இங்கிலாந்து பக்கம் இருந்தப்ப இதைய நெறைய காய்ச்சியிருக்கேன், தெரிஞ்சதைய சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

இங்க செஞ்சு பாக்கலாமாங்கறதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். வேண்டாங்க. தமிழ்நாடு மதுவிலக்கு சட்டம் 1937ல வந்தது, லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கறது குத்தம், அதுல சாராயம் வேற பீர் வேறன்னு சலுகையெல்லாம் கெடையாது, சொந்த உபயோகத்துக்குத்தான்னு சொன்னாலும் எடுபடாது. இன்னொண்ணு தெரியுங்களா, அந்த சட்டம் மொதமொதல்ல அமலுக்கு வந்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான், 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சில. கள்ளுக்கு 1987 ஜனவரில இருந்து தடை. தென்னையும் பனையும் நம்ம தோட்டத்துல நம்ம தண்ணில வளந்து நிக்குது, அதுல ஒரு மொட்டி கள்ளு எறக்க முடியல, இதுல நீங்க பார்லில பீர் காய்ச்சறேன்னு சொன்னா யாரு உடுவா. விசா கைல வெச்சிருக்கற நேரத்துல கேஸு கீஸுன்னு ஒண்ணு ஆச்சுன்னா படிப்பே போயிரும். கள்ளு வேணும்னா வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டி கேரளா பக்கம் போயி ஷாப்புல குடிச்சுட்டு வர்றவங்க பொள்ளாச்சில எத்தனையோ பேரு இருக்காங்க, அது வேற நாயம்.

இங்கிலாந்துல 1963ல இருந்து சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சறதுக்கு லைசென்சும் வேண்டாம் வரியும் வேண்டாம். விக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃப்ரெண்டுக்கு குடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. ஆனா காய்ச்சி வடிக்கறது, அதாவது பட்டை போடறது, அங்கயும் லைசென்ஸ் இல்லாம குத்தம்தான், அந்தப் பக்கமே போகாதீங்க. பீர்ல வடிக்கற வேலையே கெடையாது, நொதிக்க உட்டு அப்படியே குடிக்கறது, ரெண்டையும் சேத்து கொழப்பிக்க வேண்டாம். ஊட்ல செஞ்சா விஷமாயிருமான்னு நெறைய பேரு பயப்படறதும் இந்தக் கொழப்பத்துலதான். 2024ல கள்ளக்குறிச்சில அத்தன உசுரு போனது மெத்தனால் கலந்ததுனால. மொளைகட்டி காயவெச்ச பார்லி, அதாவது மால்ட்டு, நொதிக்கறப்ப மெத்தனால் வர்றது ஒண்ணுமே இல்லாத அளவுதான்.

இனி விசயத்துக்கு வர்றேன். பீர் காய்ச்சறதுன்னு பேரு இருக்கறதுனால எல்லாரும் இது அடுப்பு வேலைன்னு நெனச்சுக்கறாங்க, அடுப்புல ஒரு மணி நேரந்தாங்க வேலை, மீதியெல்லாம் கழுவறதும் சூடு பாக்கறதுமே. பீரை நாம செய்யறதில்ல, ஈஸ்ட்ங்கற நுண்ணுயிர் செய்யுது, அதுக்கு எடஞ்சல் பண்ணாம இருக்கறதுதான் நம்ம வேலை. இந்த ரெண்டு காரியம் சரியா இருந்தா மட்டமான சாமான்ல கூட குடிக்கற மாதிரி பீர் வரும், இந்த ரெண்டும் கோட்டை உட்டா எத்தன பவுண்டு செலவு பண்ணியும் வீண்.

கள்ளையும் பீரையும் வெச்சுப் பாத்தா இது சுளுவா புரியும். பாளைல இருந்து எறங்கற சாறுல சக்கரை ரெடியா இருக்கு, ஈஸ்ட் காத்துலயும் மொட்டிலயும் தானா இருக்கு, காத்தால கட்டுனா பொழுதோட நொரை தட்டிரும், மனுசன் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. அதைய நிறுத்தறதுக்குத்தான் மொட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசறாங்க, பூசுனா தெளுவு, அதாவது பதனி, பூசலீன்னா கள்ளு. பார்லி அப்படியில்ல. அதுல இருக்கறது மாவுச்சத்து, ஈஸ்டுக்கு மாவுச்சத்து திங்கத் தெரியாது. அதனால மொதல்ல தானியத்தைய மொளைக்க வெக்கோணும், மொளைக்கறப்ப உள்ள என்சைம் உண்டாகுது, அந்த சமயம் பாத்து காயவெச்சு நிறுத்தோணும், அதுதான் மால்ட். அப்புறம் அந்த மால்ட்டைய நொறுக்கி 65ல இருந்து 68 டிகிரி சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வெச்சா என்சைம் மாவைய சக்கரையா மாத்திரும், இதுக்கு மேஷ்னு பேரு. அந்த இனிப்புத் தண்ணி வோர்ட். அதைய கசப்புக்கு ஹாப்ஸ்ங்கற பூவு போட்டு கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, ஈஸ்ட் போட்டு, ரெண்டு வாரம் உட்டா பீர்.

இதுல மேஷ் வரைக்கும் நீங்க பெருந்துறைலயே பழகிக்கலாம், சட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, ஏன்னா ஈஸ்ட் போடப் போறதில்ல. ராகி ஒரு கிலோ வாங்கி ராத்திரி ஊற வெச்சு துணில கட்டி ரெண்டு நாள் மொளைகட்டி, நெழல்லயோ எளவெய்யில்லயோ காயவெச்சு அரைச்சுக்கோங்க. வறுக்கக் கூடாது, வறுத்தா என்சைம் செத்துரும், கடைல விக்கற சத்துமாவு இதுக்கு ஒதவாதது அதனாலதான். இப்ப சாதா ராகி மாவு 150 கிராம் ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு நல்லா கெட்டியா கஞ்சி காய்ச்சுங்க, கரண்டி நிக்கற பதம். தெர்மாமீட்டர் வெச்சு பாத்து 66 டிகிரிக்கு ஆறட்டும், அப்ப மொளைகட்டுன மாவு ரெண்டு கரண்டி போட்டு கலக்குங்க. பத்து பாஞ்சு நிமிசத்துல அந்தக் கெட்டிக் கஞ்சி தண்ணியாட்டம் எளகிப் போயிரும், பாக்க மாயமா இருக்கும். மூடி துணி சுத்தி ஒரு மணி நேரம் வெச்சா இனிக்கும். மேல தெளிஞ்ச தண்ணில ஒரு சொட்டு வெள்ளத் தட்டுல உட்டு பக்கத்துல பீட்டாடின் ஒரு சொட்டு சேத்துப் பாருங்க, கருநீலமா ஆனா மாவு இன்னும் மிச்சம், அயோடின் நெறத்துலயே நின்னா வேலை முடிஞ்சுது.

ஈரோட்டுப் பக்கம் பிராசஸிங் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசே இல்ல. துணில இருக்கற கஞ்சிப் பசையை எடுக்கறதுக்கு டீசைசிங்னு பண்றோமே, அதுல போடறதும் இதே அமைலேஸ் என்சைம்தான், கஞ்சி போச்சான்னு பாக்கறதும் இதே அயோடின்தான். முந்திக் காலத்துல டீசைசிங்குக்கு மால்ட் சாறையே உபயோகிச்சாங்க. இன்னொண்ணும் சொல்றேன், பட்டறைல புளிப்பு, காரம் பாக்க தினமும் பிஹெச் பிஹெச்னு சாகறோமே, அந்த அளவைக் கண்டுபிடிச்சதே பீர் கம்பெனி லேபுலதான், கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப், சோரன்சன்னு ஒருத்தரு, 1909.

சரி, மான்செஸ்டர் போயாச்சு. மொத ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் வாங்காதீங்க. யுனிவர்சிட்டி ஹாஸ்டல் ரூம்ல இது ஆகாத காரியம், ஒரு மணி நேரம் கொதிக்கற ஆவிக்கு ஃபயர் அலாரம் அடிச்சுரும், ஹாப்ஸ் வாசம் காரிடார் பூரா நிக்கும், ஒப்பந்தத்துல தடையும் இருக்கலாம். நாலு பேரு சேந்து ஊடு எடுத்து போனதுக்கப்புறம் ஆரம்பிங்க, கூட இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டு.

கிட்டா தனியான்னு கேட்டீங்க. கிட்னா ஹாப்ஸ் ஏற்கனவே சேத்த மால்ட் பாகு டின்னுல வரும், 1.7 கிலோ டின் ஒண்ணு, அதுகூட ஒரு கிலோ சக்கரை, 23 லிட்டர் தண்ணி, ஈஸ்ட், அவ்வளவுதான், கொதிக்க வெக்கறதே இல்ல. வேணும்னா மொதல்ல ஒண்ணு செய்யலாம், தப்பில்ல. ஆனா எனக்கு அதுல பிரியமில்ல, ஒரு கிலோ வெறும் சக்கரை போட்டா பீர் தண்ணியா நிக்கும், அப்புறம் 23 லிட்டர் நல்லா வரலைன்னா அத்தனையும் குடிச்சு தீக்கோணும் இல்ல கொட்டோணும். அதுக்கு பதிலா ஸ்ப்ரே மால்ட்னு அங்க பொடியா கெடைக்கும், மேஷ் பண்ணி காயவெச்ச வோர்ட்தான் அது, அதைய வாங்கி ஹாப்ஸ் நாமளே போட்டு 10 லிட்டர் அளவுல காய்ச்சறதுதான் ஆரம்பிக்கறவங்களுக்கு சரி. கத்துக்கறதுக்கும் நெறைய இருக்கு, கெட்டாலும் நட்டம் கம்மி.

சாமான்: 12 லிட்டர் புடிக்கற எவர்சில்வர் போசி ஒண்ணு, மூடியோட ஃபுட் கிரேடு பிளாஸ்டிக் பக்கெட் ரெண்டு, உள்ள இருக்கற கேஸை வெளிய உட்டு வெளிக் காத்தை உள்ள உடாம மூடில சொருகற ஏர்லாக், சைஃபன் டியூப், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், மூடி அடிக்கற கேப்பர், பாட்டில், சானிடைசர். இதுல ஹைட்ரோமீட்டரைய மட்டும் வேண்டாம்னு உட்றாதீங்க. பால் சொசைட்டில போசிக்குள்ள லாக்டோமீட்டர் மெதக்க உட்டு பாப்பாங்கல்ல, அதே சங்கதிதான், தண்ணில சக்கரை எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்லும். மொதல்ல 1.045 காட்டும், நொதிச்சு முடிச்சா 1.010 பக்கம் எறங்கும், வித்தியாசம் 0.035, அதைய 131ஆல பெருக்குனா 4.6, அதுதான் ஆல்கஹால் சதவீதம். எங்க பட்டறை ஆளுங்களுக்கு 1.045னா 9 ட்வாடில்னு, கரைசல் அடர்த்திக்கு நாங்க பாக்கற அளவுல, சொன்னா ஒடனே புரியும். சூடா இருக்கறப்ப பாத்தா தப்பா காட்டும், 20 டிகிரிக்கு ஆறட்டும்.

கழுவறது பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன். கழுவறதும் சானிடைஸ் பண்றதும் ரெண்டு வேற வேலை. அழுக்கு இருந்தா சானிடைசர் ஒண்ணும் பண்ணாது, அதனால மொதல்ல பெர்கார்பனேட் மாதிரி கிளீனர்ல ஊறவெச்சு சுத்தமா கழுவி அலசோணும், அப்புறம் ஸ்டார் சான் இல்லாட்டி அங்க கெடைக்கற கெம்சான், பாஸ்பாரிக் ஆசிட் வகை, லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து ரெண்டு நிமிசம் நனைய உட்டு கவுத்தா போதும், திரும்ப தண்ணில அலசக் கூடாது. நொரை நிக்கும், நொரையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது ஒண்ணும் பண்ணாது. பிளீச் போட்டு கழுவலாம்னு ஊர்ல ஒருத்தராச்சும் யோசனை சொல்லுவாங்க, கேக்காதீங்க. பக்கெட் உள்ள கம்பி நார் போட்டு தேய்க்கவும் கூடாது, கீறல்ல கிருமி குடியேறிரும். கொதிக்கறதுக்கு முன்னாடி தொடற சாமான் சாதாரணமா சுத்தமா இருந்தா போதும், கொதிச்சு ஆறுனதுக்கு அப்புறம் அந்தத் தண்ணிய தொடற எதுவா இருந்தாலும், கரண்டி, டியூப், மூடி, உங்க கை, எல்லாம் சானிடைசர்ல முங்கி எந்திரிச்சிருக்கோணும். இந்த ஒரு விசயத்துல சோம்பேறித்தனம் ஆகாதுங்க.

தண்ணி. இதுல உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் போங்க. கோயமுத்தூரை தென்னிந்தியாவோட மான்செஸ்டர்ங்கறது பஞ்சாலைய வெச்சு சொன்னது, ஆனா தண்ணிலயும் ஒத்துமை இருக்கு, மான்செஸ்டருக்கு தண்ணி வர்றது வடக்க லேக் டிஸ்ட்ரிக்ட் மலைல இருக்கற தெர்ல்மியர், ஹாஸ்வாட்டர் ஏரிகள்ல இருந்து, நம்ம சிறுவாணியாட்டம் உப்பே இல்லாத மெதுத் தண்ணி. செக் நாட்டுல பில்சன் ஊருல பில்ஸ்னர் பீர் பொறந்ததும் இதே மாதிரி மெதுத் தண்ணிலதான். மான்செஸ்டர்ல இருந்து தெக்க கொஞ்ச தூரம் போனா பர்ட்டன்னு ஒரு ஊரு, அங்க தண்ணில ஜிப்சம் ஜாஸ்தி, நம்ம திருப்பூர் போர் தண்ணியாட்டம் கடுசு, அந்தத் தண்ணிலதான் பேல் ஏல்ங்கற பீர் வகை பேர் வாங்குச்சு, 1820கள்ல இருந்து அங்க காய்ச்சி கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்புனதுதான் இந்தியா பேல் ஏல். ஆனா இதெல்லாம் தானியத்துல காய்ச்சறப்பதான் கவலைப்படோணும், ஸ்ப்ரே மால்ட்டுக்கு எந்தக் குடிதண்ணியும் ஆகும். ஒண்ணே ஒண்ணு, குளோரின். குளோரினோட மால்ட் சேந்தா ஆஸ்பத்திரி பிளாஸ்டர் வாசம் வரும், அந்த வாசம் வந்தா போகவே போகாது. முந்தின ராத்திரியே 11 லிட்டர் தண்ணில கேம்டன் மாத்திரை கால்வாசி ஒடச்சுப் போட்டு கலக்கி வெச்சுருங்க, அது மெட்டாபைசல்பைட்தான், பட்டறைல பிளீச்சுக்கு அப்புறம் மிச்ச குளோரினை முறிக்க ஆன்டிகுளோர் போடறோமே அதே கணக்கு.

காய்ச்சற நாளு. போசில ஆறேழு லிட்டர் தண்ணி சுட வெச்சு, அடுப்பை அணைச்சுட்டு 600 கிராம் ஸ்ப்ரே மால்ட் கொட்டி கட்டி இல்லாம கலக்குங்க, அடுப்பு எரியறப்ப கொட்டுனா அடில புடிச்சுக்கும். திரும்ப பத்த வெச்சு கொதி வர்றப்ப பக்கத்துலயே நில்லுங்க, பால் பொங்கறதைய விட வேகமா பொங்கும், மால்ட் பொங்கி அடுப்புல வழிஞ்சு காஞ்சா சொரண்டி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். கொதி அடங்குனதும் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்னு (இந்த ஈஸ்ட் கெழக்கு, நொதிக்கற ஈஸ்ட் இல்ல) இங்கிலீஷ் ஹாப்ஸ் 25 கிராம், கசப்பு அளவு ஆல்ஃபா ஆசிட் 5 சதவீதம்னு பாக்கெட்டுல போட்டிருக்கும், போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். கசப்பு வர்றது இந்த ஒரு மணி நேரத்துல. கடேசி பத்து நிமிசம் இருக்கறப்ப அடுப்பை அணைச்சு மிச்ச மால்ட் ஒரு 650 கிராம் கலக்கி திரும்ப கொதிக்க உடுங்க, முன்னாடியே எல்லாத்தையும் போட்டா நெறம் கருத்துப் போகும், ஹாப்ஸ் கசப்பும் முழுசா எறங்காது. கடேசி அஞ்சு நிமிசத்துக்கு இன்னொரு 15 கிராம் ஹாப்ஸ், இது வாசத்துக்கு.

அணைச்சதும் மூடி போட்டு சிங்க்குல ஐஸ் தண்ணி ரொப்பி போசிய அதுல ஒக்கார வெச்சு, வெளித் தண்ணிய மாத்தி மாத்தி, அரை மணி நேரத்துல ஆற வெக்கப் பாருங்க. இங்கருந்து சுத்தம் சுத்தம் சுத்தம். பக்கெட்டுல ஊத்தி பச்சத்தண்ணி சேத்து 10 லிட்டர் ஆக்குங்க, ஒசரத்துல இருந்து நொரைக்க நொரைக்க ஊத்துங்க, ஈஸ்டுக்கு இந்த சமயத்துல மட்டும் காத்து வேணும், இதுக்கு அப்புறம் காத்து படவே கூடாது. தொட்டுப் பாத்து சூடு இல்லாம 20 டிகிரிக்கு வந்ததும் ஹைட்ரோமீட்டர் அளவு எழுதி வெச்சுட்டு, ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட்டுல பாதிய மேல தூவி மூடிருங்க. எஸ்-04, நாட்டிங்ஹாம், எது கெடைச்சாலும் சரி. ஏர்லாக்குல கொஞ்சம் தண்ணி.

இனி சூடு. என்னைய கேட்டா பீரோட தலையெழுத்து இந்த மொத மூணு நாலு நாள்லதான் இருக்கு. ஏல் ஈஸ்டுக்கு 18ல இருந்து 20 டிகிரி சொகம். ஆனா ரூம் 20 இருந்தா பக்கெட் உள்ள 20 இருக்காது, ஈஸ்ட் வேலை செய்யறப்ப அதுவே சூடு கெளப்பும், மூணு நாலு டிகிரி ஏறிரும், அதனால பக்கெட் மேலயே தெர்மாமீட்டர் ஸ்டிக்கர் ஒட்டி அதைய பாக்கோணும், செவுத்துல தொங்கறதைய இல்ல. 25க்கு மேல போனா நெயில் பாலிஷ் வாசமும் ஒரு எரிச்சலும் வரும், குடிச்சா மறுநாள் தலை கனக்கும். நம்மூர்ல மார்ச்சு ஏப்ரல்ல 38, 40 அடிக்கறப்ப இது நடக்கற காரியமா சொல்லுங்க. பிரிட்டிஷ்காரன் பீர் காய்ச்சறதுக்கு மலை ஏறிப் போனதுக்கு இதுவும் காரணம், 1915ல யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சப்ப ஒண்ணா சேத்த அஞ்சு ஆலைல ஒண்ணு நீலகிரி ப்ரூவரி. நார்வே கிராமத்து ஈஸ்ட் குவைக்னு ஒண்ணு இருக்கு, அது 30, 35 டிகிரிலயும் வாசம் கெடாம வேலை செய்யும், அது விதிவிலக்கு.

மான்செஸ்டர்ல உங்களுக்கு பிரச்சனை தலைகீழ். பகல்ல ஹீட்டர் ஓடறப்ப 20, ராத்திரி அணைச்சா 13, 14, ஈஸ்ட் குளுருல அடில போயி படுத்துரும். ஏறி எறங்கறதுதான் கெடுதி, ஒரே சீரா 18 இருந்தா போதும். மாடிப்படிக்கு கீழ அலமாரி மாதிரி இருட்டு எடம் பாத்து வெச்சு, பழைய ஜமுக்காளம் சுத்துங்க, தண்ணி ரொப்புன பெரிய தொட்டிக்குள்ள பக்கெட்ட ஒக்கார வெச்சாலும் சூடு டக்குனு மாறாது. ஒரு நாள்ல நொரை கட்டும், மேல அழுக்கா பழுப்பா திட்டு திட்டா நிக்கும், கெட்டுப் போச்சுன்னு நெனச்சு கொட்டிராதீங்க. ஏர்லாக் குமிழி நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல, மூடி சரியா மூடலைன்னா குமிழியே வராது. ரெண்டு வாரம் தொறக்காம உடுங்க. சும்மா சும்மா தொறந்து மோந்து பாக்கறது வேண்டாம். அப்புறம் ஹைட்ரோமீட்டர், மூணு நாள் கழிச்சு திரும்ப ஹைட்ரோமீட்டர், ரெண்டும் ஒரே எண்ணு காட்டுனாத்தான் முடிஞ்சுது.

இதைய அழுத்திச் சொல்றதுக்கு காரணம் பாட்டில். பாட்டில்ல கேஸ் வர்றதுக்கு கொஞ்சம் சக்கரை சேத்துத்தான் மூடறோம், உள்ள மிச்சம் இருக்கற ஈஸ்ட் அதைய தின்னு கேஸ் உடும். லிட்டருக்கு 6 கிராம், 10 லிட்டருக்கு 60 கிராம், தராசுல நிறுத்துப் போடோணும், கை அளவு கண் அளவு வேலைக்கு ஆகாது. நொதிக்கறது பாதில நின்னதைய அடைச்சாலோ சக்கரை ஜாஸ்தி ஆனாலோ பாட்டில் வெடிக்கும், கண்ணாடி செவுத்துல போயி குத்தற அளவுக்கு வெடிக்கும், வெளையாட்டு இல்ல. பீர் வந்த கனமான பாட்டில் மட்டும் எடுங்க, ரம் பாட்டில், ஸ்குவாஷ் பாட்டில் ஆகாது. மொத தடவை பழுப்பு கலர் பெட் பாட்டில் நல்லது, அமுக்கிப் பாத்தா கேஸ் ஏறிடுச்சான்னு தெரியும், வெடிச்சாலும் ரத்தம் வராது. அந்த 60 கிராம் சக்கரைய ஒரு டம்ளர் தண்ணில கொதிக்க வெச்சு ஆற உட்டு ரெண்டாவது பக்கெட்டுல ஊத்தி, அதுமேல பீரை சைஃபன்ல அலுங்காம எறக்குங்க, வண்டல் வேண்டாம், சலசலன்னு ஊத்தாதீங்க, இப்ப காத்து பட்டா அட்டப் பொட்டி ருசி வரும். மேல ரெண்டு விரக்கடை எடம் உட்டு மூடி, 20 டிகிரில ரெண்டு வாரம், அப்புறம் ஃபிரிட்ஜ்ல ரெண்டு நாள். பச்ச பாட்டில், வெள்ள பாட்டில் வெய்யில்ல வெச்சா ஹாப்ஸ் நாறிப் போகும், பழுப்பு பாட்டிலுக்கு அதுதான் காரணம். அடில வண்டல் நிக்கும், நிதானமா ஒரே மூச்சா கிளாஸ்ல சாச்சு கடேசி விரக்கடைய உட்ருங்க, குடிச்சா ஒண்ணும் ஆகாது, வயிறு கொஞ்சம் பேசும்.

மொத பீர் ருசி சரியில்லைன்னா என்னன்னு எப்படி கண்டுபுடிக்கறது? பச்ச ஆப்பிள் வாசம்னா அவசரப்பட்டுட்டீங்க, இன்னும் ரெண்டு வாரம் வெச்சா போயிரும். வெண்ணெய் வாசம்னா ஈஸ்ட் வேலை முடிக்கறதுக்கு முன்னாடி பாட்டில்ல அடைச்சிட்டீங்க. பிளாஸ்டர் வாசம் குளோரின். புளிச்சு வினிகராட்டம் இருந்தா எங்கயோ கழுவல. புளிச்சதைய குடிச்சா வெசமான்னா இல்லீங்க, ஹாப்ஸும் ஆல்கஹாலும் புளிப்பும் சேந்து நோய்க் கிருமி பொழைக்காத எடம் அது, ருசி கெடுமே ஒழிய உசுருக்கு ஒண்ணுமில்ல.

காசு மிச்சமாகும்னு நெனச்சு இறங்காதீங்க. சாமான் வாங்கற காசைய கணக்குப் போட்டா, சூப்பர்மார்க்கெட்டுல சலுகை வெலைல வர்ற பீர் மலிவு. நாலஞ்சு தடவை ஸ்ப்ரே மால்ட்டுல கை பழகுன பொறவு தானியத்துக்குப் போங்க, பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம், ஆஸ்திரேலியாக்காரங்க பழக்கத்துக்குக் கொண்டு வந்த பை மொறை போதும், ஒரே போசில துணிப் பை போட்டு அதுக்குள்ள நொறுக்குன மால்ட் ரெண்டேகால் கிலோ, 66 டிகிரி, ஒரு மணி நேரம், பையத் தூக்கி வடிய உட்டு அதே போசில கொதிக்க வெக்கறது. பெருந்துறைல ராகி வெச்சு பாத்தீங்கல்ல அதுதான் இது. அப்ப ஆசை இருந்தா பார்லியோட கொஞ்சம் மொளைகட்டுன ராகியும் சேத்துப் பாருங்க, நேபாளம் சிக்கிம் பக்கம் ராகிலதான் ஜாண்ட், தோங்பாங்கறாங்க, உகாண்டாவுல மால்வாங்கறாங்க, தானியம் நமக்கு பழகுனதுதான். ஆனா ராகி மட்டுமே போட்டா வடிகட்டறதுக்குள்ள தாவு தீந்துரும், பார்லில மேல இருக்கற உமிதான் சல்லடை வேலை பாக்கும், ராகில அது இல்ல. பாதிக்குப் பாதிக்கு மேல போகாதீங்க.

கடேசியா ஒண்ணு கேட்டிருந்தீங்க, பொங்கலுக்கு வர்றப்ப சித்தப்பாவுக்கு நாலு பாட்டில் கொண்டு வரலாமான்னு. கஸ்டம்ஸ்ல ஆளுக்கு ரெண்டு லிட்டர் மதுன்னு கணக்கு இருக்கு, ஆனா ஊட்ல காய்ச்சுன லேபிள் இல்லாத பாட்டிலைய காட்டி வெளக்கம் சொல்லிட்டு நிக்க உங்களுக்கு பொறுமை இருக்குதா? உள்ள ஈஸ்ட் உசுரோட இருக்கு, சூட்கேஸுக்குள்ள குலுங்கி, கோயமுத்தூர் ஏர்ப்போர்ட்டுக்கு வெளிய கார் டிக்கில வெந்து, ஊடு வந்து சேந்து தொறந்தா பாதி சீலிங்ல இருக்கும். டியூட்டி ஃப்ரீல ஒண்ணு வாங்கிட்டு வாங்க, சித்தப்பாவும் அதைத்தான் எதிர்பாத்துட்டு இருப்பாரு.